மணல் போட்ட புல்

மார்ச் 3, திங்கள்

உறைபனி ஒருவழியாக விலகிவிட்டது. காலையில் முதல் கிரீனில் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். பாதம் நனைந்தது, விறைக்கவில்லை. இனி மே மாதப் போட்டி வரைக்கும் எனக்கு உட்கார நேரம் கிடையாது. கிடைத்தாலும் உட்கார மாட்டேன் என்பது வேறு விஷயம். "சிகாமணி சாருக்கு மார்ச் மாசம் வந்தா கால்ல சக்கரம்" என்று போஜன் ஆட்களிடம் சொல்கிறாராம். போஜன் எங்கள் கோல்ஃப் மைதான ஆட்களுக்கு மேஸ்திரி. என்னிடம் சொல்லமாட்டார். சொன்னாலும் உண்மைதானே.

வேலையை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. கிரீன்களில் துளை போட்டு மணல் நிரப்ப வேண்டும். ஐந்தாவதில் மழைநீர் வடியப் புதிதாகக் குழாய் பதிக்க வேண்டும். பங்கர் என்கிற மணல் குழிகளில் பழைய மணலை வாரிவிட்டுப் புதுசு போட வேண்டும். ஊட்டிக்கு வருகிறவர்கள் மைதானம் என்றால் பரந்து கிடக்கும் பச்சை என்று நினைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பந்தை உருட்டிக் குழிக்குள் விடும் அந்தச் சின்ன வழவழப்பான புல்தரை, கிரீன், அதுதான் மைதானம். மற்றதெல்லாம் அதற்குப் போகிற வழி.

மதியம் வெட்டும் எந்திரங்களின் உருளைக் கத்திகளை ஜீப்பில் போட்டுக்கொண்டு குன்னூர் போனேன், சாணை பிடிக்க. சாணைக்கார அந்தோணி போன வருஷம் தவறிவிட்டார். பட்டறையை இப்போது அவர் மகள் ரெஜினா பார்க்கிறாள். நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவோடு பதினைந்து வருஷம் நின்று வேலை செய்தவள். கத்தியைத் தீட்டி முடித்ததும் செய்தித்தாளைக் கிழித்து உருளைக்கும் கீழ்க்கத்திக்கும் நடுவே விட்டு, கையால் மெல்லச் சுற்றினாள். தாள் சத்தமே இல்லாமல் இரண்டாக விழுந்தது.

"இந்த சீசன் வேலை நல்லா வந்தா பட்டறைய வச்சுக்குவேன் சார். இல்லேன்னா மிஷின வித்துட்டு கோயம்புத்தூர். தம்பி பம்ப் கம்பெனியில வேலை சொல்லி வச்சிருக்கான்" என்றாள்.

"நல்ல வேலைதானே" என்றேன். எனக்கென்ன. எனக்குக் கத்தி கூராக இருந்தால் போதும்.

மார்ச் 10, திங்கள்

முதல் ஒன்பது கிரீன்களில் துளை போட்டாயிற்று. எந்திரம் விரல் பருமனுக்கு மண்ணைக் குடைந்து வெளியே துப்பிக்கொண்டே போகும். பார்க்க ஆட்டுப் புழுக்கை கொட்டியது மாதிரி இருக்கும். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போக வேறு வழியில்லை. வருஷா வருஷம் செய்கிறோம். வருஷா வருஷம் மெம்பர்கள் புதிதாக அதிர்ச்சியடைகிறார்கள்.

கிளப் செக்ரட்டரி பட்டாபிராமன் சார் தொப்பியோடு வந்து நின்றார். தேயிலைக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லோரும் தன் எஸ்டேட்டில் வேலை செய்வதாகவே நினைப்பு.

"என்ன சிகாமணி, இட்லித் தட்டு மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க?"

"ரெண்டு வாரத்துல மூடிரும் சார்."

"போட்டிக்கு முன்னாடி மூடணும். அவ்வளவுதான் எனக்கு."

சாயங்காலம் திருச்சியிலிருந்து மகள் ஷெரின் பேசினாள். பரீட்சை, விடுதிச் சாப்பாடு, அவள் தோழியின் அக்கா கல்யாணம். நான் துளை, மணல், குழாய், பட்டறை என்று சொன்னேன். கடைசியில், "அப்பா, அந்த ரெஜினா ஆன்ட்டி பேர மூணு தடவ சொல்லிட்டீங்க" என்று சிரித்தாள். சாணை பிடிக்கிறவர் பேரைச் சொல்லாமல் சாணையைப் பற்றி எப்படிப் பேசுவது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் ஒரு கதை வேண்டும்.

மார்ச் 12, புதன்

மணல் போட்டோம். சல்லடையில் சலித்த மணலைத் தூவி, தேங்காய் நார் மிதியடியைக் கயிற்றில் கட்டி இழுத்துத் துளைகளுக்குள் தள்ளுவது. கமலாக்காவும் மற்றப் பெண்களும் துடைப்பத்தோடு ஓரங்களைப் பார்த்துக்கொண்டார்கள். மணல் போட்ட புல்லைத் தண்ணீர் விட்டு அது இறங்கும்வரை வெட்டக்கூடாது. வெட்டினால் மணல் கத்தியைத் தின்றுவிடும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவனுக்கும் முதல் நாளே இதை நான் சொல்வேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாவது கிரீனில் புல் கொஞ்சம் உயர்ந்துவிட்ட மாதிரி தெரிந்தது. ஆட்கள் வருவதற்கு முன் நானே எந்திரத்தை எடுத்து வெட்டினேன். கத்தி கரகரவென்றது. போஜன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"சார், மணல் இன்னும் இறங்கலையே."

"எனக்குத் தெரியாதா?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு கிரீன்தான். ஒன்றும் ஆகாது.

மார்ச் 15, சனி

கத்தி மழுங்கிவிட்டது. குன்னூர் போக வேண்டியதாயிற்று.

ரெஜினா கத்தியை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்து நாள் முன்னாடிதானே புடிச்சது. கல்லு, மண்ணு ஏதாச்சும் பட்டுச்சா சார்?"

"அப்படி ஒண்ணும் தெரியலையே."

"சரி, உக்காருங்க. நேரமாகும்."

எனக்கு எங்கேயும் உட்கார வராது. பல் வைத்தியர் வீட்டில்கூட நின்றுகொண்டே காத்திருந்தவன். பட்டறை வாசலில் ஒரு மர ஸ்டூல். டீ வாங்கிக் கொடுத்தாள். சாணைக் கல்லின் சத்தத்தில் பேச முடியாது, அதனால் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கத்திக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதே இன்றுதான் தெரியும். மனைவி சுமதி இறந்த பிறகு ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் நான் இருந்ததில்லை.

திரும்பி வரும் வழியில் ஜீப்பில் பாடினேன். நல்லவேளை, யாரும் கூட இல்லை.

மார்ச் 19, புதன்

மற்ற ஒன்பது கிரீன்களுக்கும் துளை, மணல். முதுகு விட்டுப்போயிற்று. ஐந்தாவது குழாய் வேலை பாதியில் நிற்கிறது.

மார்ச் 22, சனி

குன்னூர். மறுபடியும் கத்தி. (நேற்று பதினோராவதிலும் பன்னிரண்டாவதிலும் வெட்டினேன். வெயில் அடித்ததால் காய்ந்திருக்கும் என்று நினைத்தேன்.)

இன்று நிறையப் பேசினாள். அவள் அப்பா கடைசி மாதங்களில் கை நடுங்கியபோது, வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் இவள்தான் எல்லாக் கத்தியும் தீட்டினாளாம். "அப்பா பேர்லதான் போச்சு. இப்பத்தான் என் பேர்ல வருது. எஸ்டேட்காரங்க ரெண்டு பேரு கவாத்துக் கத்தி எல்லாம் குடுத்திருக்காங்க. உங்க கிளப்புல செய்யறேன்னு சொன்னா யோசிக்காம குடுக்கறாங்க சார். கோயம்புத்தூர் போக வேணாம்னு தோணுது" என்றாள்.

அப்படியென்றால் இருந்துவிடுவாள். இதை எழுதும்போது கை வேகமாகப் போகிறது, எழுத்து கிறுக்கலாக இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 27, வியாழன்

கிரீன்கள் சரியில்லை. மழுங்கிய கத்தி புல்லை வெட்டாது, பிய்க்கும். பிய்ந்த நுனி இரண்டு நாளில் வெளுத்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு, பதினொன்று, பன்னிரண்டு மூன்றும் நரைத்துப்போய்த் தெரிகின்றன. தண்ணீர் விடச் சொன்னேன். வேறென்ன செய்வது.

மார்ச் 31, திங்கள்

பட்டாபி சார் மூன்று மெம்பர்களோடு வந்தார். நரைத்த புல்லைக் குச்சியால் கிளறிக் காட்டினார்.

"ஒரே மாசத்துல மூணு தடவ சாணை புடிச்சிருக்கு. அப்புறமும் இப்படிப் பிய்ஞ்சிருக்குன்னா என்ன அர்த்தம்? அந்தோணி இருந்தப்போ இப்படி உண்டா? பொண்ணுக்குக் கை வரல, அவ்வளவுதான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சாணை பிடிக்கும் பெங்களூர் கம்பெனி ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். சொல்வதற்கு இடம் கிடைக்கவில்லை. அவர் பேச ஆரம்பித்தால் யாருக்கும் கிடைக்காது.

ஏப்ரல் 2, புதன்

ஐந்தாவது கிரீன் குழாய் முடிந்தது. தண்ணீர் அழகாக வடிகிறது.

பட்டாபி சார் ரெஜினாவுக்குப் போன் செய்து இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டாராம். ஆபீசில் சொன்னார்கள்.

ஏப்ரல் 5, சனி

குன்னூர் போக எந்திரம் எதுவும் இல்லை. பங்கர் மணல் வேலையைப் பார்த்தேன். ஏழாவதில் மணலைக் குவித்தது கோணலாகத் தெரிந்தது, கலைத்துத் திரும்பக் குவிக்கச் சொன்னேன். பிறகு முதலில் இருந்ததே பரவாயில்லை என்று தோன்றியது. கமலாக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "சாருக்கு இன்னைக்கு மணல் மேல என்ன கோவம்?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சும்மா இருக்க முடியவில்லை. உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குன்னூர் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

பட்டறைக்குள் இரண்டு பேர் லேத் மிஷினை அளந்துகொண்டிருந்தார்கள். ரெஜினா என்னைப் பார்த்து வாங்க என்று சொன்னாள். டீ சொல்லவில்லை. எஸ்டேட்காரர்கள் கவாத்துக் கத்திகளைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்களாம். "கிளப்புலயே நிறுத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டாங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது" என்றாள். வாங்க வந்தவர்களில் ஒருவர் ஏதோ கேட்டார், அவள் திரும்பிக்கொண்டாள்.

நான் சொல்லவில்லை. அந்நியர்கள் எதிரில் எப்படிச் சொல்வது. உரம்கூட வாங்காமல் திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

காட்டெருமைகள் ஒன்பதாவது கிரீனில் நடந்து போயிருக்கின்றன. குளம்புத் தடம் ஒவ்வொன்றும் ஒரு சட்டி ஆழம். போஜனும் நானும் தோட்ட வேலைக்கான முட்கரண்டியால் மண்ணைத் தூக்கிவிட்டு, புல்லை அமுக்கி, தண்ணீர் தெளித்தோம். நாள் பூராவும் மண்டி போட்டு.

நடுவில் போஜன், "இதாவது மிருகம் செஞ்சது சார்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த தடத்துக்கு நகர்ந்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பிரசங்கம் நடக்கும்போது எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆலய ஊழியர் கோயில்குட்டி கூப்பிட்டுக் கேட்டார், உடம்பு சரியில்லையா என்று. நன்றாகத்தான் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் ஒரு அயோக்கியன். அவளைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு அவள் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். இவ்வளவு நாளும் புல் உயர்ந்தது, வெயில் காய்ந்தது என்று இந்த நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதினேனோ.

ஏப்ரல் 16, புதன்

கமிட்டிக் கூட்டம். போட்டி ஏற்பாடுகளைப் பேசி முடித்து, பெங்களூர் கம்பெனிக்குக் கத்திகளை அனுப்பும் விஷயம் வந்தது. எழுந்து நின்றேன்.

"சாணையில தப்பு இல்ல சார். மணல் போட்ட கிரீன்ல நான் எந்திரம் ஓட்டினேன். மூணு கிரீன்லயும். அதுலதான் கத்தி போச்சு."

 பட்டாபி சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களா? மணல் இறங்காம வெட்டக்கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்ற ஆளு நீங்கதானே?"

"ஆமா சார்."

"பின்ன எதுக்கு வெட்டினீங்க?"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் ஒருவேளை சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். சாயங்காலத்துக்குள் கிளப் பாரில், நாளைக்குள் குன்னூர் மார்க்கெட்டில் அவள் பெயர் வேறு மாதிரி உருண்டிருக்கும். சாணைக்காரிக்குக் கை வரவில்லை என்ற பேச்சே போதாதா.

"அவசரப்பட்டுட்டேன்" என்றேன்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இருக்கிறவர் சொல்ற பதிலா இது?" என்று ஒரு மெம்பர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு வேறு சொத்து கிடையாது. சிகாமணிக்குப் புல் தெரியும் என்ற பேர் ஒன்றுதான். அது இன்று போயிற்று. போகட்டும், நானாகக் கொடுத்ததுதான்.

போட்டிப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். போஜன் பார்த்துக்கொள்வார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். "அந்தம்மாவுக்கு யாரு போன் பண்றது?" என்று கேட்டேன். பட்டாபி சார் என்னை முறைத்துவிட்டு, "நான்தான் சொன்னேன், நானே பேசறேன்" என்றார். அந்த மட்டில் மனுஷன் நியாயமானவர்.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை முழுக்க இருந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கத்திகள் குன்னூர் போய் வந்துவிட்டன. போஜன்தான் எடுத்துப் போனார். இன்று அதில் வெட்டினார்கள். புல் ஒரே சீராக, வெல்வெட்டாக நிற்கிறது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

"ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று போஜனிடம் கேட்டேன்.

"கமிட்டில என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க. நடந்தத சொன்னேன் சார்."

"வேற?"

"மிஷினுக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சாம். எஸ்டேட்காரங்க திரும்ப வந்து கேட்டாங்களாம். இனிமே எங்க செய்யறதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்களாம்."

ஏப்ரல் 24, வியாழன்

ஷெரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைசிவரை கேட்டாள். பிறகு, "கமிட்டிக்குச் சொல்லிட்டீங்க. எனக்கும் சொல்லிட்டீங்க. அவங்ககிட்ட சொன்னீங்களா அப்பா?" என்றாள்.

ஏப்ரல் 26, சனி

பஸ்ஸில் போனேன். கிளப் ஜீப்பை எடுக்க மனசு வரவில்லை.

பட்டறை பாதி காலியாகிவிட்டது. லேத் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் நான்கு போல்ட் துளைகளும். ரெஜினா ஸ்பானர்களை அளவு பார்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள், பிறகு தெருவைப் பார்த்தாள்.

"கத்தி எங்க?"

"கொண்டுவரல."

"அப்ப என்ன வேலையா வந்தீங்க?"

"வேலை ஒண்ணும் இல்ல."

ஒரு ஸ்பானரைத் துடைத்து உள்ளே போட்டாள். "முதல் தடவையே தெரியும் எனக்கு. கல்லு பட்டா கத்தி பல்லு பல்லா போகும். இது மழமழன்னு தேஞ்சிருந்துச்சு. மணல்னு அப்பவே தெரியும். நீங்க இல்லைன்னீங்க. பெரிய மனுஷன் சொல்றாரேன்னு விட்டுட்டேன். ரெண்டாவது தடவையும் அதே மாதிரி இருந்துச்சு. எதுக்கு வெட்டினீங்க? கமிட்டிக்குச் சொன்னத எங்கிட்ட சொல்லாதீங்க."

"உங்களப் பாக்கறதுக்கு."

சொன்ன பிறகு, ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை.

அவள் முகம் சிவந்துவிட்டது. வெட்கத்தால் இல்லை, கோபத்தால். "பாக்கறதுன்னா பஸ் ஏறி வந்து பாக்க வேண்டியதுதானே. என் கைவேலையக் கெடுத்துத்தான் என்னப் பாக்கணுமா? எங்கப்பா செத்த ஒரு வருஷத்துல ஊர்ல நான் சம்பாதிச்சது அந்தப் பேரு ஒண்ணுதான். அது போச்சுன்னு நெனச்சு நாலு நாள் நான் சரியா சாப்பிடல, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

"மிஷினு போயிருச்சு. மன்னிச்சா வருமா?"

"வராது."

தெருவில் மலை ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற கூட்டம் சலசலத்துக்கொண்டே போயிற்று. அவள் சாக்கின் வாயைக் கட்டினாள். முடிச்சு நழுவியது, நான் பிடித்துக்கொண்டேன், அவள் இறுக்கினாள். கட்டி முடித்த பிறகும் சாக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை கெளம்பறேன். கோயம்புத்தூர்ல, கணபதியில தம்பி வீட்டுக்குப் பக்கத்துலயே ரூம் பாத்திருக்கான். அந்தப் பம்ப் கம்பெனியில ஒரு புல்லுகூட கிடையாது, பூரா சிமென்ட்டுத் தரை" என்றாள். "அங்க வர்றதுக்கு என்ன சாக்கு வச்சிருக்கீங்க?"

யோசித்துப் பார்த்தேன். எதுவும் அகப்படவில்லை.

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.

"இல்லாமலே வாங்க" என்றாள். "எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு."

மே 4, ஞாயிறு

இன்று போட்டி தொடக்கம். பதினெட்டு கிரீனும் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை என்று போஜன் காலையில் போனில் சொன்னார். என்னை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மலைப்பாதையில் பர்லியார் தாண்டிவிட்டது.